படி ஏறும் லிஃப்ட் மெக்கானிக்

லிஃப்ட் மெக்கானிக் தான் பராமரிக்கிற லிஃப்டில் தானே ஏறமாட்டார் என்றொரு பேச்சு அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் கிளம்பியது. பேச்சு கிளம்பின இடத்தில் நிற்குமா? தரைத் தளத்தில் ‘ஏறமாட்டார்’ என்று இருந்தது, இரண்டாம் மாடிக்குப் போவதற்குள் ‘ஏறப் பயப்படுகிறார்’ ஆனது. நாலாம் மாடியில் அதற்குச் சதை போட்டது: கயிறு அறுந்துவிடும் என்று பெண்டாட்டியிடம் சொல்லி அழுதாராம். ஐந்தாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது லிஃப்ட் ஏற்கெனவே ஒருமுறை விழுந்து, விஷயத்தை அமுக்கியும் விட்டிருந்தார்கள். இத்தனை மாடியும் பேச்சு படி வழியாகவே ஏறிற்று. லிஃப்டில் வர அதற்கும் தைரியமில்லை போலும்.

இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு கைச்சரக்கு என்று பிரித்துப் பார்க்க இறங்கினால், எடுத்த எடுப்பிலேயே ஒரு சங்கடம். முதல் வாக்கியம் அப்பட்டமான உண்மை. மனிதர் ஏறுவதில்லை. அவர் குடியிருப்பது அதே கட்டடத்தின் உச்சியில், ஆறாம் மாடியில். கூப்பிட்ட குரலுக்கு ஆள் இருக்கட்டும் என்று லிஃப்ட் கம்பெனி பிடித்துக் கொடுத்த வீடு. அந்த மாடியில் வேறு வீடு கிடையாது. பக்கத்தில் மோட்டார் அறை, தலைக்கு மேல் தண்ணீர்த் தொட்டி. மற்ற கட்டடங்களில் நாள் முழுக்க லிஃப்டில் ஏறி இறங்குகிறவர், இங்கே மட்டும் காலையில் தோளில் கருவிப் பையோடு படியில் இறங்குகிறார், சாயங்காலம் அதே பையோடு படியில் ஏறுகிறார். மூன்றாம் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார். அந்த நேரம் பார்த்து யாராவது எதிரே வந்து, “என்ன மெக்கானிக், லிஃப்ட் சும்மாதானே நிக்குது?” என்று கேட்டால், “உடம்புக்கு நல்லது சார்” என்று ஒரு சிரிப்பு சிரிக்கிறார்.

அந்தச் சிரிப்புதான் வினை. உடம்புக்கு நல்லது செய்துகொள்கிறவன் முகத்தில் அப்படிச் சிரிப்பு வராது. எதையோ வாய்க்குள் அடக்கி வைத்திருக்கிறவன் சிரிப்பு அது.

அவர் அடக்கி வைத்திருந்தது ஒரு நாயை.

நாயின் பெயர் கம்பளி. மெக்கானிக்கின் மச்சினன் வேலை மாறிப் போகும்போது, “கொஞ்ச நாள் பாத்துக்கங்க மாமா, வந்து கூட்டிக்கிறேன்” என்று விட்டுப்போன குட்டி. அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. குட்டி மட்டும் வளர்ந்துவிட்டது. தலை முதல் வால் வரை முடி. எது முன்பக்கம், எது பின்பக்கம் என்பது நடக்க ஆரம்பித்தால்தான் தெரியும். கண் இருப்பதற்கு வெளிப்படையான ஆதாரம் எதுவுமில்லை. ஆனால் வீட்டில் எவர் எந்த மூலையில் இருக்கிறார் என்பது அதற்குத் தெரிந்த அளவுக்கு எவருக்கும் தெரியாது.

சும்மா இருக்கத் தெரியாத பிராணி. மெக்கானிக் கூடத்தில், அவர் மனைவி சமையலறையில், மகள் தன் அறையில் என்று மூன்று பேரும் மூன்று இடத்தில் இருந்தால் கம்பளிக்கு இருப்புக் கொள்ளாது. கூடத்துக்கும் சமையலறைக்கும் அறைக்குமாக அலையும். முனகும். அப்புறம் வேலையில் இறங்கும். மகளின் முழங்கால் மடிப்பில் தலையைக் கொடுத்து ஒரு தள்ளு. மனைவியின் குதிகாலில் பல் படாமல் ஒரு கவ்வு. மூன்று பேரையும் சோபாவுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டுக் குறுக்கே படுத்துக்கொள்ளும். யாராவது தண்ணீர் குடிக்க எழுந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

கால்நடை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள்.

“இது காவல் நாய் இல்லீங்க, ஆடு மேய்க்கிற இனம். மேய்க்காம இருந்தா அதுக்குப் பித்துப் பிடிச்சிடும். ஏதாவது மேய்க்கக் கொடுங்க” என்றார் டாக்டர்.

“ஆறாம் மாடியில மேய்க்கறதுக்கு நான் என்னத்தைக் கொடுக்கறது டாக்டர்?”

டாக்டர் மெக்கானிக்கையும் அவர் மனைவியையும் மகளையும் வரிசையாகப் பார்த்தார். “அது ஏற்கெனவே எடுத்துக்கிச்சு போலிருக்கே.”

இப்படிப்பட்ட நாய்க்கு லிஃப்ட் என்றால் என்ன என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். தன் மந்தையில் ஒருவர் ஒரு பெட்டிக்குள் நுழைகிறார். கதவு மூடுகிறது. திறக்கும்போது உள்ளே ஆள் இல்லை. அல்லது வேறொருவர் நிற்கிறார். பட்டப்பகலில் ஆளை விழுங்குகிற வாயை ஒரு வீட்டின் வாசலிலேயே கட்டி வைத்திருக்கிறார்கள். கம்பளி குட்டியாக இருந்தபோது ஒருநாள் மெக்கானிக் அசதியில் லிஃப்டில் வந்து இறங்கினார். அது அவரை வீட்டு ஆளாக ஏற்றுக்கொள்ளவில்லை. சுற்றிச் சுற்றி மோந்துவிட்டு, முழங்காலில் தலையைக் கொடுத்துப் படிப்பக்கம் தள்ளி, ஒரு மாடி இறக்கி, திரும்ப ஏற வைத்து, அதற்கப்புறம்தான் வாசலைத் தாண்ட விட்டது. அதோடு அவர் லிஃப்டை விட்டார். மனைவியும் மகளும் விட்டார்கள். படியில் காலடி கேட்டால் கம்பளி வாலை ஆட்டியது. மோட்டார் சத்தம் கேட்டால் அலறியது. வேலை முடிந்து வருகிற மனிதனுக்கு இரண்டில் எது நிம்மதி?

இதை வெளியே சொல்லியிருக்கலாம். ஆனால் கயிறும் கப்பியும் மோட்டாருமாக வாழ்கிறவர், ஒரு நாய் தள்ளிக்கொண்டு போகிற பக்கம் தான் போவதாக எந்த வாயால் சொல்வார்? “உடம்புக்கு நல்லது” என்றார். சிரித்தார்.

பேச்சு மட்டும் என்றால் அடங்கியிருக்கும். கூடவே லிஃப்டும் சேட்டை செய்ய ஆரம்பித்தது. காலை நேரங்களில், இரண்டு மாடிக்கு நடுவில், காரணமே இல்லாமல் நிற்கும். உள்ளே இருப்பவர்கள் எல்லாப் பொத்தானையும் அழுத்தி, தட்டி, சத்தம் போட்டு முடித்ததும் தானாகவே கிளம்பும். “அதுக்கு மூச்சு வாங்குது” என்றார்கள். “யாரோ உள்ள இருக்காங்க” என்றும் சிலர் சொன்னார்கள். உள்ளே இருந்தது அவர்கள்தான் என்பதை ஒதுக்கிவிட்டு.

மெக்கானிக் பார்க்காத இடமில்லை. வயர்களைச் சோதித்தார், கயிற்றை அங்குலம் அங்குலமாகத் தடவினார், ஒவ்வொரு மாடியிலும் வெளிக்கதவின் பூட்டைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பழைய மாதிரி லிஃப்ட் அது. மாடிக்கொரு வெளிக்கதவு, கையால் இழுத்துத் திறப்பது. எந்த மாடிக் கதவானாலும் சரி, பூட்டு லேசாக விலகினால் பெட்டி நின்ற இடத்தில் நின்றுவிடும். ஆள் விழாமலிருக்கச் செய்த ஏற்பாடு. ஆறாம் மாடிப் பூட்டில் கற்றையாக முடி சிக்கியிருந்தது. அவர் சாப்பாட்டிலும் முடி இருந்தது, சட்டைப் பையிலும் இருந்தது. அதனால் சந்தேகம் வரவில்லை. சுத்தம் செய்துவிட்டு மோட்டார் அறையில் நின்றபடி பெட்டியை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். கம்பளி அவர் காலடியில் படுத்துக் கிடந்தது. லிஃப்ட் பட்டுப் போல ஓடியது. டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் காய்ச்சல் இறங்குகிற மாதிரி, அவர் இருக்கிறவரை அது ஒழுங்காக இருந்தது. அவர் வேலைக்குப் போனதும் புகார் வந்தது.

அவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிடும்போது கை பாதியில் நிற்கும். காது மோட்டாரில் இருக்கும். பக்கத்தில் கம்பளியும் தலையைச் சாய்த்து அதையே கேட்டுக்கொண்டிருக்கும்.

“ரெண்டு பேரும் என்னத்தைத்தான் அப்படிக் கேக்கறீங்க?” என்பாள் மனைவி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க ஊசி குத்தி ரத்தம் எடுத்துவிட்டு வருகிறவள். “கையைக் கொடுங்க, உங்களுக்கும் அதுக்கும் ஒரே ரத்தமான்னு பாத்துடறேன்.”

“சும்மா இருடி. இப்ப ஒரு சத்தம் வந்துச்சா இல்லையா?”

“வந்துச்சு. குக்கர்.”

இதற்கிடையில் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் வேலையில் இறங்கினார். ஓய்வுபெற்ற அதிகாரி, அதிகாரம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. லிஃப்ட் கதவுகளில் ‘உயிருக்கு ஆபத்து’ என்று அவர் கையெழுத்தோடு அறிவிப்பு ஒட்டப்பட்டது. முன்மாதிரியாக அவரே படியேறினார். அவர் ஏறியதால் மற்றவர்களும் ஏறினார்கள். தொந்தி வைத்தவர்கள் இளைத்தார்கள், இளைத்தவர்கள் சிடுசிடுத்தார்கள். அதிகம் பட்டது ஐந்தாம் மாடி டீச்சர். தனியாக இருக்கிறவர், இரண்டு முட்டியும் தேய்ந்தவர். ஒவ்வொரு மாடியிலும் படியிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவார். மெக்கானிக் தன்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நிறுத்திக் கேட்பார்.

“தம்பி, நிஜத்தைச் சொல்லுங்க. லிஃப்ட்ல நம்பி ஏறலாமா, கூடாதா?”

“தாராளமா ஏறலாம் டீச்சர்.”

“அப்ப நீங்க ஏன் ஏறல?”

சிரிப்பு. டீச்சர் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு அடுத்த படிக்கு முட்டியைத் தூக்குவார்.

கடைசியில் கம்பெனி மேலாளர் போன் செய்தார். “லிஃப்ட்டையே மாத்தப் போறாங்களாம், ஆளையும் மாத்தப் போறாங்களாம். ஞாயித்துக்கிழமை சங்கக் கூட்டம். எல்லார் கண்ணு முன்னாடியும் நீ ஏறி இறங்கிக் காட்டற. ஒப்பந்தம் போச்சுன்னா அந்த வீடும் போச்சு, தெரியும்ல? உன்னைத் தூரத்துக் கிளைக்குப் போடறதைத் தவிர எனக்கு வழியில்ல. அங்க தங்கறதுக்கு ஆம்பளைங்க ரூம்தான் இருக்கு.”

அதாவது அவர் ஓரிடம், மனைவி வேலைக்கும் மகள் படிப்புக்கும் வேறிடம். மந்தை கலைந்துவிடும். அதைக் கம்பளியிடம் யார் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை தரைத் தளத்தில் கட்டடமே கூடியிருந்தது. மனைவியும் மகளும் வேடிக்கை பார்க்கவும், தைரியம் சொல்லவும் படி வழியே இறங்கி வந்திருந்தார்கள். வீட்டில் ஆளில்லாதபோது செய்வது போலவே, கம்பளியைக் கதவுக்கு வெளியே, லிஃப்ட் வாசலை ஒட்டிய வெளியில் விட்டு, படித்தலைப்பில் மரத்தடுப்பைப் போட்டிருந்தார்கள். வீட்டுக்குள் தனியாகப் பூட்டினால் அது சோபாவைப் பிய்த்துவிடும்.

“யாராவது கூட ஏறுறீங்களா?” என்றார் மெக்கானிக்.

கூட்டம் ஒரே சமயத்தில் செருப்பைப் பார்த்தது. டீச்சர் முன்னே வந்தார். “இவரு விழுந்தா நானும் விழறேன். படி ஏறி சாகறதுக்கு இது மேல்.” ஒரு பெண்மணி ஏறியபின் செயலாளர் எப்படி நிற்பது? தொண்டையைச் செருமிக்கொண்டு அவரும் ஏறினார்.

முதல் மாடி கடந்தது. இரண்டு கடந்தது. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் ஒரு குலுக்கல். நின்றது.

கீழே எழுந்த சத்தத்தில் பயத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம் இருந்தது. தாங்கள் சொன்னது பலித்துவிட்ட சந்தோஷம்.

“நான் சொல்லல?” என்றார் செயலாளர். நெற்றியில் வேர்வை. “நான் சொல்லல?”

மெக்கானிக் அதைக் காதில் வாங்கவில்லை. காதைச் சுவரோடு வைத்திருந்தார். மேலேயிருந்து, பெட்டி ஓடுகிற சுரங்கம் வழியாக, ஒரு குரைப்பு இறங்கி வந்தது. கூடவே தடதடவென்று கதவு அதிர்கிற சத்தம். குரைப்பு ஓய்ந்தது. பொத்தானை அழுத்தினார். பெட்டி கிளம்பியது. மோட்டார் சத்தம் கேட்டதும் மேலே மறுபடி குரைப்பு, மறுபடி தடதட. பெட்டி நின்றது.

இத்தனை நாள் கயிற்றிலும் வயரிலும் தேடியது அவர் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. மூன்று பேரும் வெளியே போன ஒவ்வொரு காலையும், மோட்டார் சத்தம் கேட்கும்போதெல்லாம், கம்பளி பின்னங்காலில் எழுந்து தன் முழுப் பாரத்தையும் அந்தக் கதவில் சாய்த்திருக்கிறது. விழுங்கினவர்களைக் கக்கச் சொல்லி. கதவு அசையும், பூட்டு விலகும், லிஃப்ட் நிற்கும். அவர் வீட்டில் இருந்தால் அதற்குக் கவலையில்லை. அதனால் லிஃப்டுக்கும் நோயில்லை.

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். குரைப்பு அவர் காதிலும் விழுந்துவிட்டது என்பது தெரிந்தது.

மெக்கானிக் கணக்குப் போட்டார். சொன்னால் லிஃப்ட் தப்பிக்கும், வேலை தப்பிக்கும், நாய் போய்விடும். சங்க விதியில் தொல்லை தரும் பிராணிகளை வெளியேற்ற இடமிருந்தது. எழுதியவரே பக்கத்தில் வேர்த்துக்கொண்டு நின்றார். சொல்லாவிட்டால் நாய் தப்பிக்கும், அவர் போய்விடுவார். இரண்டில் எது நடந்தாலும் சோபாவில் ஓரிடம் காலி. அந்தப் பழைய சிரிப்பு வரப் பார்த்தது. டீச்சரின் முட்டி கண்ணில் பட்டது. உட்கார இடமில்லாமல் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார்.

“சார்,” என்றார் செயலாளரிடம். “லிஃப்ட்ல ஒரு குத்தமும் இல்ல. மேல என் நாய் கதவைத் தள்ளுது. கதவு அசைஞ்சா நிக்கணும்னுதான் இதைச் செஞ்சிருக்கு. அது நிக்குது. நான் படி ஏறினதும் அந்த நாய்க்காகத்தான். வேற ஒண்ணுமில்ல.”

செயலாளருக்கு விஷயம் இறங்கக் கொஞ்ச நேரம் ஆனது. இறங்கியதும் முகம் சிவந்தது. “நாயா? ஒரு நாய்க்காகவா இந்தக் கட்டடமே படியேறிச்சு? இன்னிக்கே அதை...”

“கட்டடம் படியேறினது நாய்க்காக இல்ல,” என்றார் டீச்சர், பெஞ்சில் பேசிக்கொண்டிருக்கும் பிள்ளையை நிறுத்துகிற குரலில். “நீங்க நோட்டீஸ் ஒட்டினீங்க, அதுக்காக ஏறிச்சு. ‘உயிருக்கு ஆபத்து’ன்னு போட்டு, கீழ கையெழுத்து யாரோடது?”

செயலாளர் யோசித்தார். கீழே காத்திருக்கிற முகங்களை அவர் யோசித்திருக்க வேண்டும். ஒரு நாயின் முன்னங்காலைப் பார்த்துப் பயந்து ‘உயிருக்கு ஆபத்து’ என்று எழுதியவர் என்ற பெயரோடு மீதிக் காலத்தை அந்தக் கட்டடத்தில் கழிப்பதை யோசித்திருக்க வேண்டும். குரல் தணிந்தது.

“கதவுல ஏதோ சின்னக் கோளாறுன்னு சொல்லலாமா?”

“நிஜத்தையே சொல்லிடலாம் சார்,” என்றார் மெக்கானிக். ஒருமுறை சொல்லிப் பழகியதில் அவருக்கு அது பிடித்துப்போயிருந்தது.

“யோவ், நீ சும்மா இரு.”

மெக்கானிக் மகளுக்குப் போன் செய்தார். அவள் படியில் ஓடும் சத்தம் பெட்டியின் சுவர் வழியாகக் கேட்டது. காலடி மேலே போகப் போகக் குரைப்பு முனகலாகி, முனகல் நின்றது. பெட்டி பட்டுப் போலக் கீழே இறங்கியது. செயலாளர் முதலில் வெளியே வந்து, ஆறாம் மாடிக் கதவில் சிறு கோளாறு என்றும், தம் நேரடிப் பார்வையில் கண்டுபிடிக்கப்பட்டது என்றும் அறிவித்தார். கைதட்டினார்கள். ஒப்பந்தம் நின்றது, வீடு நின்றது. ஆறாம் மாடியில் கதவுக்கும் நாய்க்கும் நடுவே இடுப்புயரத்துக்கு ஒரு கம்பித்தடுப்பு வந்தது. கம்பளி அதற்குப் பின்னால் நின்று முறைக்கிறது என்று மகள் சொல்கிறாள். அதன் கண் வெளியே தெரியாததால் நம்மால் உறுதி சொல்ல முடியாது.

அன்றைக்கு லிஃப்டை விட்டு இறங்கும்போது டீச்சர் மெக்கானிக்கின் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“எத்தனை தடவை கேட்டேன் உங்களை? ஒவ்வொரு தடவையும் சிரிச்சீங்களே தம்பி!”

“தப்புதான் டீச்சர். என்ன செய்யணும் சொல்லுங்க, செய்யறேன்.”

“அந்த மகராசனோட ஒரு தடவை நான் லிஃப்ட்ல இறங்கணும். நீங்க, உங்க வீட்டம்மா, பொண்ணு, நாய், நடுவுல நான். என் முட்டிக்கு அதுதான் நஷ்டஈடு. அதுவரைக்கும் நீங்க எனக்குப் பாக்கி.”

“அவ்வளவுதானே டீச்சர்?” என்று அவசரப்பட்டு ஒப்புக்கொண்டார்.

சாயங்காலம்தோறும் நாயைப் படி வழியே ஐந்தாம் மாடிக்கு இறக்கி வருகிறார். டீச்சர் பெட்டிக்குள் தயாராக நிற்கிறார், கையில் பிஸ்கட்டோடு. மனைவியும் மகளும் உள்ளே நின்று கூப்பிடுகிறார்கள். கம்பளி ஒரு முன்னங்காலைப் பெட்டிக்குள் வைக்கும். பிஸ்கட்டை வாங்கிக்கொள்ளும். அப்புறம் உள்ளே இத்தனை பேர் மாட்டியிருப்பது உறைக்கும். மனைவியின் குதிகாலைக் கவ்வி இழுக்கும், மகளைத் தள்ளும். நேற்று டீச்சரின் பின்பக்கம் சுற்றிப் போய், தேய்ந்த முட்டி என்பது தெரிந்தது போல மெதுவாகத் தலையைக் கொடுத்து, அவரையும் வெளியே கொண்டுவந்து படிமுனையில் சேர்த்தது.

“ஐயோ, என்னையும் சேத்துக்கிச்சே!” என்று டீச்சர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்கினார். “இன்னிக்கும் பாக்கிதான் தம்பி.”

“தெரியும் டீச்சர். நாளைக்குப் பாப்போம்.”

எல்லோரும் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள், நாய் கடைசியில். பெட்டி ஐந்தாம் மாடியிலேயே நின்றது. கதவை யாரும் சாத்தவில்லை. கீழே பொத்தானை அழுத்தி அழுத்தி ஓய்ந்த செயலாளரின் குரல் மேலே வந்தது.

“யாருய்யா அது, கதவைத் திறந்து போட்டது?”